மெய்ப்பெயரும் ஃபேக் ஐடியும்

காரியாபட்டியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற பையனுக்குப் பாண்டி என்று பெயர். பீகாரில் மோதிஹாரிப் பக்கத்திலிருந்து வந்தவன். வந்த அன்றைக்கு அவன் சொன்ன பெயர் முதலாளியின் வாயில் நுழையவில்லை. “இனிமே நீ பாண்டிடா” என்று அங்கேயே வைத்துவிட்டார். அவனும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டான். கடைக்கு வருகிற யாருக்கும் அவன் சொந்தப் பெயர் தெரியாது. எனக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2023 மார்ச் முதல் வாரம், இரவு கடை ஒழிகிற நேரம். கையில் மாவு காயாமலே வந்து போனை நீட்டினான். “அண்ணே, இது எந்த ஊரு?” ஒரு வீடியோ. நாலைந்து பேர் ஒருவனைத் தெருவில் விரட்டி வெட்டுகிறார்கள். அவன் ஊரிலிருந்து தம்பி அனுப்பியிருக்கிறான். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று கூடவே ஒரு குரல். நான் படத்தை நிறுத்தி, பின்னால் தெரிந்த கடைப் பலகைகளைக் காட்டினேன். ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை. “இது நம்ம பக்கமே இல்ல தம்பி.” அவன் தலையை ஆட்டினான். “அம்மா அழுவுது அண்ணே. வா வா சொல்லுது.”

அதே வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு வந்தது. வடக்கனுக்கு வேலை கொடுக்கிறவனை முதலில் உதைக்க வேண்டும் என்றது அது. போட்டவருடைய டிபியில் குடும்பத்தோடு கோயில் வாசலில் நின்று எடுத்த படம். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அசல். அவருடைய பட்டறையில் மூன்று வடமாநிலப் பையன்கள் வேலை செய்கிறார்கள் என்பதும் அசல்.

இணையத்தில் இனவெறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மிடம் ஒரு தீர்வு தயாராக இருக்கிறது: எல்லாம் ஃபேக் ஐடி செய்கிற வேலை, ஆதாரோடு இணைத்துவிட்டால் அடங்கிவிடும். டீக்கடைச் சட்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே மனு வந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால் 2019இல் வழக்கு அங்கே மாறியது. அந்தக் கோரிக்கையில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. வெறுப்பு முகமூடிக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது என்பது ஒன்று. முகமூடியைக் கழற்றினால் அது நாணிப் போய் நின்றுவிடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நடந்த சம்பவங்களோடு உரசிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பாண்டியின் அம்மாவை அழவைத்த வதந்தியிலிருந்தே தொடங்கலாம். பரவிய வீடியோக்களில் இரண்டைப் பற்றி அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த அடிதடி. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். காட்சிகள் மெய், சொன்ன கதை பொய். அந்தக் கதையை ஊருக்குச் சொன்னவர்கள் யார்? உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளரும் வழக்கறிஞருமான பிரசாந்த் உம்ராவ் தன் சொந்தப் பெயரில், லட்சக்கணக்கானவர்கள் அறிந்த கணக்கில், இந்தி பேசியதற்காகத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதாக எழுதினார். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. யூடியூபர் மனீஷ் காஷ்யப் தன் முகத்தைக் காட்டி, தன் குரலில், தன் பெயர் போட்ட மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். முகமூடி எதுவும் இல்லை. சொல்லப்போனால் முகம்தான் அங்கே முதலீடு.

ஆனால் அதே வழக்கில் வேஷமும் இருந்தது. அடிபட்டுக் கட்டுப் போட்ட தொழிலாளர்களாக இரண்டு பேர் தோன்றிய ஒரு வீடியோ பாட்னாவிலேயே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு கண்டுபிடித்துச் சொன்னது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நடித்தவர்கள் தங்கள் பெயரை மறைத்தார்களா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. ‘தமிழ்நாட்டில் அடிபட்ட பீகாரி’ என்ற அடையாளத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்; குற்றத்தின் உயிர்நிலை அதுதான். முகத்தை மறைப்பது ஒன்று, இன்னொருவன் முகத்தை மாட்டிக்கொள்வது வேறொன்று. நம் பேச்சில் இரண்டுக்கும் சேர்த்து ஃபேக் ஐடி என்று ஒரே சொல் வைத்திருக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான்.

நம் பக்கத்தையும் பார்க்காமல் போனால் நியாயமில்லை. அந்தப் பொய் வீடியோக்களுக்குச் சில வாரம் முன்பு, பிப்ரவரியில், ஒரு மெய் வீடியோவும் சுற்றியது. ஓடும் ரயிலின் பொதுப் பெட்டியில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களை வசைபாடி அடிக்கிறார். ரயில்வே போலீஸ் வழக்குப் போட்டுப் பிடித்தது. அவர் அடித்ததைவிட அந்த வீடியோவுக்குக் கீழே வந்து கைதட்டியவர்கள் என்னை அதிகம் கலக்கினார்கள். பானிபூரி, பான்பராக் வாயன் என்று நாம் ‘தமாஷுக்கு’ சொல்கிற சொற்களை ஒரு மோதிஹாரிக்காரன் தமிழ் கற்று முதலில் புரிந்துகொள்கிறான். பாண்டிக்குத் தெரிந்த தமிழில் பாதி பரோட்டாவைப் பற்றியது, மீதி அவனைப் பற்றியது. வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவனை முகத்தையும் மொழியையும் வைத்து எடைபோட்டு முடித்துவிடுவதற்கு இனவெறுப்பு என்றுதான் பெயர். அது வெள்ளைக்காரன் செய்தால் மட்டும்தான் இனவெறுப்பு, நாம் செய்தால் ஆதங்கம் என்று பிரித்துக்கொள்ள முடியாது. பிழைப்பு பற்றிய கவலை வேறு விஷயம். கூலியைக் குறைத்து ஆள் எடுக்கிற முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியை மாவு பிசைகிறவனிடம் கேட்கிறோம்.

சாதி வெறுப்பில் இந்த முகமூடி இல்லாமை இன்னும் பச்சையாகத் தெரியும். 2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜ் சாதி வெறியில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகத் தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்த காலம் முழுக்க அவருடைய வாட்ஸ்அப் ஆடியோக்கள் கொங்கு நாட்டைச் சுற்றி வந்தன. உடம்பு ஒளிந்திருந்தது, குரலும் பெயரும் ஒளியவே இல்லை. ஒளிந்தால் அந்த ஆடியோவுக்கு மதிப்பில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2021இல் பட்டியல் சாதியினரை இழிவாகப் பேசிக் கைதான நடிகை மீரா மிதுன் தானே கேமரா முன் உட்கார்ந்துதான் பேசினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். எந்த ஐடியைச் சரிபார்த்து அதைத் தடுத்திருக்க முடியும்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டுகிற சாதிக் கயிற்றை ஒழிக்கச் சொன்னது. கயிறு என்பது என்ன? இன்னார் என்று காட்டிக்கொள்வது. நம்மூர் வெறுப்புக்குத் தன்னை மறைப்பதைவிடக் காட்டிக்கொள்வதில்தான் ஆசை உள்ளது.

ஆக முதல் நம்பிக்கை தேறவில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலமான இடத்தில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது சோம்பேறித்தனம்.

பலமான இடம் சேலம். 2016 ஜூனில் ஓர் இளம்பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் யாரோ போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது. சில நாளில் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். பெயர் தெரியாத ஒருவன் ஒரு வீட்டையே அழித்தான் என்றால் பெயரைக் கட்டாயமாக்கு என்று கேட்கிற தகப்பனிடம் நான் எதிர்வாதம் பேச மாட்டேன். ஆனால் அந்த வழக்கில் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெண் இறந்த பிறகு சில நாட்களுக்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அதாவது அந்த முகமூடியைக் கழற்றும் வழி அன்றைக்கே காவல்துறையின் கையில் இருந்தது. கை எழவில்லை. ஃபேக் ஐடி என்று நாம் நினைக்கிற கணக்கில் பெரும்பாலானவை நமக்குத்தான் ஃபேக். இணைய முகவரியும் போன் நம்பரும் பார்க்கிற அதிகாரிக்கு அது ஓர் ஆள், ஒரு தெரு, ஒரு வீடு. பெயரில்லாத குறை அது இல்லை, புகார் மனு மேசையில் கிடந்த குறை.

கட்டாயப் பெயரைச் செய்து பார்த்த நாடும் இருக்கிறது. தென் கொரியா 2007இல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத அடையாளச் சரிபார்ப்பைச் சட்டமாக்கியது. வசவு குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் அத்தனை பேருடைய அடையாள எண்ணும் ஒரே இடத்தில் குவிந்ததில் திருடனுக்குக் கொண்டாட்டம். 2011இல் நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரம் களவு போனது. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. இரண்டாவது நம்பிக்கையும் தேறவில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படாது.

ஆனால் கொரியாவை வைத்து மட்டும் தமிழ்நாட்டுக்குத் தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. நம்மிடம் ‘உண்மைப் பெயர்’ என்ற சொல்லுக்கே வேறு எடை இருக்கிறது. காரியாபட்டியில் புதிதாக ஒருவர் வந்தால் கேள்வி பெயரில் தொடங்கி, “எந்த ஊரு?” “ஊர்ல எந்தப் பக்கம்?” “அப்பா பேரு?” என்று இறங்கும். தெருவைச் சொன்னால் போதும், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். நீ உண்மையில் யார் என்ற கேள்வி இந்தக் கரிசல் காட்டில் எப்போதும் மேலேயிருந்து கீழே கேட்கப்பட்டதுதான்.

இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் கமுதி. 1897இல் அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்கு ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரையிலும் சென்னையிலும் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அங்கேயும் நாடார்கள் தோற்றார்கள். நடுவில், 1899 ஜூன் 6இல், சிவகாசி சூறையாடப்பட்டது. அன்றைக்கு அவர்கள் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை இன்றைய மொழியில் சொன்னால், உன்னுடையது அல்லாத அடையாளத்தை எடுத்துக்கொண்டாய் என்பதுதான். க்ஷத்திரியர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை நான் சரித்திரமாக ஏற்கவில்லை. படிநிலையை ஏற்றுக்கொண்டு அதில் ஒரு படி கேட்கிற வாதம் அது. ஆனால் ‘சாணார்’ என்று பிறர் சொன்ன பெயரை மறுத்து, தாங்கள் சொன்ன பெயரை 1921இல் அரசு ஏட்டில் ஏற்ற வைத்தார்களே, அதில் எது போலி, எது மெய்? பெயர் சூட்டும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் ‘மெய்’ என்கிற முத்திரையும் இருந்திருக்கிறது. பாண்டிக்குப் பெயர் வைத்த முதலாளி நல்ல மனிதர், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பவர். அவரிடமும் அந்த முத்திரை ஒன்று இருக்கிறது.

இன்னொரு தேதி 1929 பிப்ரவரி. செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடும்படி தீர்மானம் போட்டது. தலைமை தாங்கியவர் நாடார் சமூகத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். நம்மூர்க்காரர்கள் பெயரின் வாலை வெட்டிவிட்டு, தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு உலகத்தில் நடமாடுவது ஓர் அரசியல் முடிவின் பலன். அந்த வகையில் நாம் எல்லோரும் திருத்திய பெயரோடு திரிபவர்கள்தான்.

இதில் ஃபேஸ்புக் செய்த வேலை வேடிக்கையானது. கணக்குத் தொடங்கும்போது இரண்டு கட்டம் கொடுக்கிறது. முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவது கட்டத்தில் குடும்பப் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு ஏது? அருப்புக்கோட்டைச் சாலையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பயல்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்த அனுபவத்தைச் சொன்னார். “அண்ணாச்சி, ரெண்டாவது கட்டத்துக்கு வந்ததும் முழிப்பாய்ங்க. ஒருத்தன் அப்பா பேரப் போடுவான். ஒருத்தன் விஜய்னு போடுவான். கொஞ்சம் யோசிச்சுட்டு ஒருத்தன் சாதிப் பேரப் போடுவான். அவன் போட்டதப் பாத்து அடுத்தவனும் போடுவான்.” ரேஷன் கார்டில் இல்லாத, பள்ளிச் சான்றிதழில் இல்லாத, தாத்தா காலத்திலேயே உதிர்ந்துபோன வால் அமெரிக்கக் கம்பெனி விட்டுவைத்த காலிக் கட்டத்தில் முளைத்தது. ‘முழுப் பெயர்’ கட்டாயம் என்று நாளைக்குச் சட்டம் வந்தால் யார் பெயர் முழுசாகும், யார் பெயர் அம்பலமாகும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டத்தைப் போட்டுப் பெருமைப்படுகிறவனுக்கு அது விளம்பரம். காலனித் தெருப் பையனுக்கு அது விலாசம்.

விலாசம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூர் இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு கொதித்துக்கொண்டிருந்தபோது, கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு தமிழ் மாணவரைத் தேடிப் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்க வைத்து, அதை வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். அவர் எழுதியது சில்லறைக் கிண்டல். ஆனால் சொந்தப் பெயரில் எழுதியிருந்தார். இங்கே ராமேசுவரத்தில் அதற்குப் பதிலடியாகக் கர்நாடகச் சுற்றுலாப் பயணிகளை அடித்தார்கள். அங்கே பேருந்துகள் எரிந்தன. பெயரோடு பேசினால் பொறுப்பு வரும் என்கிறவர்கள், பெயரோடு பேசுகிற சிறுபான்மைக்காரன் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது வேஷத்துக்கு வருகிறேன். இதில் எனக்குத் தயவு கிடையாது. 2022 ஜனவரி 1 அன்று ‘புல்லி பாய்’ என்ற செயலியில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலத்துக்கு விடுவதுபோல் போட்டார்கள். பரப்பிய ட்விட்டர் கணக்குகளின் பெயர்கள் சீக்கியப் பெயர்கள். பிடிபட்டவர்களில் யாரும் சீக்கியச் சமூகத்தோடு தொடர்புடையவராக இல்லை. பழி சீக்கியர்கள் மேல் விழட்டும் என்பதற்காக அந்தப் பெயர்களை வைத்ததாக மும்பை காவல்துறை சொன்னது. உருவாக்கியவர் என்று அசாமில் கைதானவர் ஒரு பொறியியல் மாணவர். ஒரே கல்லில் இரண்டு சமூகம்: ஒன்றை அவமானப்படுத்தி, இன்னொன்றைக் குற்றவாளியாக்கி, இரண்டையும் மோதவிடும் ஏற்பாடு. சிறுபான்மைப் பெயரில் கணக்குத் தொடங்கி, அந்தச் சமூகமே சொல்வதுபோல் விஷம் எழுதி, அதைத் தானே படம் பிடித்து, ‘பாருங்கள் இவர்கள் புத்தியை’ என்று பரப்புவது இன்று ஒரு தொழில்நுட்பமாகவே ஆகிவிட்டது. நம்மூரிலும் எதிர்ச்சாதிப் பெயரில் கணக்குத் தொடங்கித் தன் சாதித் தலைவரைத் தானே திட்டி, சாலை மறியலுக்கு ஆள் சேர்க்கிற வித்தை தெரிந்தவர்கள் உண்டு.

சட்டம் இந்த இடத்தில்தான் மங்கலாக இருக்கிறது. ஒரு தனிமனிதரின் அடையாளத்தைத் திருடினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இனம், மொழி, பிறந்த ஊர், சாதி அடிப்படையில் பகை வளர்த்தால் பாரதிய நியாய சன்ஹிதா 196. மின்னணு வழியாகச் செய்தாலும் அதற்குள் வரும். ஒரு சமூகத்தின் அடையாளத்தையே திருடுவதை நேர்முகமாகச் சுட்டுகிற பிரிவு எதையும் இவற்றில் நான் காணவில்லை. 2014இல் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா டெல்லியில் அடிபட்டு இறந்த பிறகு அமைத்த பெஸ்பரூவா குழு, இன இழிவுக்கென்று தனிப் பிரிவு சேர்க்கச் சொன்னது. புதிய சட்டத் தொகுப்பை எழுதியபோதும் அப்படி ஒரு தனிப் பிரிவு வரவில்லை. இன்னொரு பக்கம், மனீஷ் காஷ்யப் மேல் தமிழ்நாடு அரசு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டது; பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. கொசுவுக்குப் பீரங்கி வைத்தால் கடைசியில் கொசு தியாகியாகிவிடும். 196க்கு இணையாக அன்றைக்கு இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ வழக்கை ஒழுங்காக, விரைவாக நடத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய சமூக ஊடக நிறுவனங்களைப் பார்த்து, விரும்புகிறவர்களுக்குக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதி கொடு என்கின்றன. விரும்புகிறவர்களுக்கு என்ற அந்த வார்த்தை நிற்க வேண்டும். அதைக் கட்டாயம் என்று மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். பெயரில்லாமல் எழுதுவது குற்றமாகக் கூடாது. இன்னொரு சமூகத்தின் பெயரை மாட்டிக்கொண்டு அந்தச் சமூகத்தின் மேல் பகையை இழுத்துவிடுவது தனிக் குற்றமாக வேண்டும், அதுவும் சொந்தப் பெயரில் செய்கிற வெறுப்பைவிடக் கூடுதல் தண்டனையோடு. புகார் கொடுத்த அன்றே இணைய முகவரி கேட்டுக் கடிதம் போகாத காவல் நிலையத்துக்கு அதற்கான பதிலை எழுத்தில் சொல்லும் கடமை வேண்டும். குழுவில் சொந்தப் பெயரில், கோயில் வாசல் டிபியோடு எழுதுகிறாரே, அவரைச் சட்டம் தொடுவதற்கு முன்பு நாம் தொட வேண்டும். அன்று அந்தக் குழுவில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட மறுத்து எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

பாண்டி அந்த ஹோலிக்கு ஊருக்குப் போய், மே மாதம் திரும்பி வந்தான். வந்த அன்று அவன் சொந்தப் பெயரைக் கேட்டு, போனில் மாற்றிப் பதிந்துகொண்டேன். கடையில் இன்னும் பாண்டிதான்.